ஏபிரகாம் டார்பி: வளைத்து வளர்க்க வேண்டிய ஆங்கில ரோஜா

ஏபிரகாம் டார்பியை வளர்ப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தண்டு ஆளுயரத்துக்கு மேல் போகிறது, பூவோ நுனியில் ஒன்றிரண்டு. அதுவும் தலை கவிழ்ந்து நிற்கிறது. இன்னொன்று, நாலு நாள் மழை பிடித்தால் இலை முழுக்கக் கரும்புள்ளி விழுந்து செடி மொட்டையாகிவிடுகிறது. இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஆனால் நீண்ட காம்பில் ஒற்றைப் பூ விடும் ஹைபிரிட் டீ ரோஜாவுக்குச் செய்வதையே இதற்கும் செய்தால் இரண்டு தொல்லையும் கூடுமே தவிர குறையாது.

காரணம் இதன் பிறப்பிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் டேவிட் ஆஸ்டின் உருவாக்கி 1985-இல் வெளியிட்ட ரகம் இது. அவருடைய ஆங்கில ரோஜாக்களில் பலவற்றுக்குப் பழங்கால ரோஜா ஒன்று நெருங்கிய மூதாதையாக இருக்கும். இதற்கு அப்படி இல்லை. தாயும் தந்தையும் நவீன ரகங்களே. ஒன்று 'எல்லோ குஷன்' என்ற ஃப்ளோரிபண்டா, அதாவது கொத்தாகப் பூக்கும் புதர் ரோஜா. மற்றது 1949-இல் வந்த 'அலோஹா' என்ற கொடி ரோஜா. பூவின் வடிவமும் பழவாசனையும் பழைய தோட்டத்து ரோஜாவை நினைவூட்டினாலும், தண்டு வளரும் விதம் அலோஹாவைப் போலத்தான். ஆகவே இதைப் பாதிக் கொடியாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். குளிர்ந்த இடத்தில் ஒன்றரை மீட்டரோடு நிற்கும் புதர், வெப்பமான இடத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் கூடப் போகும்.

இடம்

தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருந்தால் நல்லது. இரவுப் பனியை இலையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் உலர்த்துகிறதோ அவ்வளவுக்குக் கரும்புள்ளி குறையும். 35 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறும் ஊர்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு நிழல் விழும் இடமே இதற்கு ஏற்றது. கடும் வெயிலில் பூ சிறுத்து, இதழ் எண்ணிக்கை குறைந்து, ஆப்ரிகாட் நிறம் வெளிறி ஒரே நாளில் உதிர்ந்துவிடும். இது நோய் இல்லை. வெப்பம் தணிந்ததும் பழைய பூ திரும்பி வரும். அதற்காகக் கோடையில் கூடுதல் உரம் போட்டுச் செடியைத் துரத்த வேண்டாம்.

சுவரை ஒட்டி நடுவதானால் 40 சென்டிமீட்டராவது தள்ளி நடுங்கள். சுவரடி மண் சீக்கிரம் காயும், காற்றும் சுழலாது. செடிக்குச் செடி ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் இடைவெளி. வளைத்து வளர்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்றரை மீட்டர் விடலாம்.

ஏற்கெனவே ரோஜா இருந்து பட்டுப்போன குழியில் புது ரோஜாவை நடக்கூடாது. அந்த மண்ணில் புதுச்செடி காரணமே தெரியாமல் ஏங்கி நிற்கும். தோட்டக்காரர்கள் இதை ரோஜா மண் சலிப்பு என்பார்கள். வேறு இடமே இல்லையென்றால் அரை மீட்டர் நீள, அகல, ஆழத்துக்குப் பழைய மண்ணை எடுத்துவிட்டு, ரோஜா வளராத இடத்து மண்ணை நிரப்புங்கள்.

நடவு

மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும், 6.5 மிக நல்லது. 7.5-ஐத் தாண்டினால் இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. உடனடி நிவாரணத்துக்கு, வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் செலேட் வடிவ இரும்பு கொடுக்கலாம். நிரந்தரத் தீர்வு கந்தகத்தூளும் மக்கிய உரமும் சேர்த்து மண்ணை மெல்ல மாற்றுவதுதான்.

குழி 50 சென்டிமீட்டர் ஆழம், அதே அகலம். முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் மண்ணை 20 சென்டிமீட்டர் மேடாக்கித்தான் நட வேண்டும். எடுத்த மண் மூன்று பங்குக்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது கம்போஸ்ட் ஒரு பங்கு. அதோடு இரண்டு கைப்பிடி எலும்புத்தூள். இரசாயன உரம் எதையும் குழிக்குள் போடாதீர்கள்; இளவேர் கருகும். அரைகுறையாக மக்கிய சாணமும் அதையேதான் செய்யும்.

மண் இல்லாத வேர்ச்செடியாக வந்திருந்தால் நடுவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது வேரைத் தண்ணீரில் ஊற வையுங்கள். தொட்டிச் செடியானால் வேர்க்கட்டி சுற்றிச் சுற்றி இறுகியிருக்கிறதா என்று பார்த்து விரலால் தளர்த்திவிடுங்கள்.

வேறொரு ரோஜாவின் வேரோடு ஒட்டுக்கட்டிய முடிச்சு எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். நிலம் உறையும் குளிர் உள்ள இடத்தில் முடிச்சு மண்ணுக்கு 5 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். பனி மேல் தண்டைக் கொன்றாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். உறைபனியே இல்லாத, மழை மிகுந்த இடத்தில் முடிச்சு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். அங்கே புதைத்தால் அழுகல் வரும்.

நட்டதும் பத்து லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றி, மண் படிந்த பிறகு குறையும் மண்ணை நிரப்புங்கள். மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைச்சருகோ மரப்பட்டைத் தூளோ மூடாக்காகப் போடலாம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் திறந்தே இருக்கட்டும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் 45 சென்டிமீட்டர் வாயும் அதே ஆழமும் உள்ள தொட்டிக்குக் கீழே போக வேண்டாம். வேர் ஆழம் தேடும் ரகம் இது. சின்னத் தொட்டியில் ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டு, இரண்டாம் கோடையில் அடி இலை முழுவதையும் உதிர்த்துவிடும்.

தண்ணீரும் உரமும்

வேர் பிடித்த செடிக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் எட்டு முதல் பத்து லிட்டர். மணற்பாங்கான மண்ணும் கடும் வெயிலும் சேர்ந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் மேலாக ஒரு குவளை தெளிப்பதால் வேர் மேல்மண்ணிலேயே தங்கி, முதல் வறட்சியிலேயே செடி வாடும். எப்போது ஊற்றினாலும் அடியில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். மாலையில் குழாயால் செடியைக் குளிப்பாட்டுவது கரும்புள்ளிக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

உரத்தில் இந்த ரகத்துக்குத் தழைச்சத்துதான் எதிரி. யூரியா, கோழி எரு போன்றவை அதிகமானால் பென்சிலைவிடத் தடித்த, பூக்காத தண்டுகள் கிளம்பும். இலை மென்மையாகி அசுவினியும் சாம்பல் நோயும் தேடி வரும். நட்ட முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமே போதும். அடுத்த ஆண்டிலிருந்து, கவாத்து முடிந்து துளிர் விரல் நீளம் வந்ததும் செடிக்கு இரண்டு கிலோ கம்போஸ்ட், நூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கு. பிறகு ஒவ்வொரு பூச்சுற்று முடிந்ததும், சாம்பல் சத்து தூக்கலாக உள்ள ரோஜா உரம் 30 முதல் 40 கிராம். உரத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும். குளிர்காலம் வரும் இடங்களில் முதல் பனிக்கு ஆறு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வரும் இளந்தளிர் கருகிவிடும்.

எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) எல்லாச் செடிக்கும் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. கீழ் இலைகளில் நரம்புக்கு நடுவே மஞ்சள் விழுந்தால் மட்டும் அது வேலை செய்யும். மெக்னீசியம் குறையாத மண்ணில் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைப்பதைத் தடுக்கும்.

கவாத்தும் வளைப்பும்

இந்த ரோஜாவின் மொத்தச் சூட்சுமமும் இங்கேதான். நிமிர்ந்து நிற்கும் தண்டின் நுனியில் ஆக்சின் என்ற வளரூக்கி உற்பத்தியாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கும் வரை கீழே உள்ள கணு மொட்டுகள் உறங்கியே கிடக்கும். அதனால்தான் இரண்டு மீட்டர் தண்டில் நுனியில் மட்டும் பூ. அந்தத் தண்டைப் படுக்கை வசத்தில் வளைத்துவிட்டால் நுனியின் ஆதிக்கம் குறையும். வரிசையாக ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சாண் பக்கக்கிளை நிமிரும். ஒவ்வொன்றின் தலையிலும் பூ.

நீண்ட தண்டைக் கண்டதும் கத்தரியை எடுத்து முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது ஹைபிரிட் டீக்குப் பழகிய கை. இந்த ரகத்தை அப்படி வெட்டினால் செடி பதிலுக்கு அதே நீளத்துக்கு இரண்டு தண்டை விடும். பூ இன்னும் தள்ளிப்போகும்.

முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்தே கிட்டத்தட்ட வேண்டாம். பட்டது, நோயுற்றது, பென்சிலைவிட மெலிந்தது, ஒன்றோடொன்று உராய்வது, இவற்றை மட்டும் எடுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். பாதிக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முதிர்ந்த தண்டை, பட்டை பழுப்பேறிச் சொரசொரப்பானதை, அடியோடு எடுத்துவிட்டால் கீழிருந்து புதுத்தண்டு வர இடம் கிடைக்கும். பனி விழும் இடங்களில் குளிர் முடியும் தறுவாயில், கணு மொட்டு சிவந்து வீங்கும் நேரத்தில் வெட்ட வேண்டும். குளிரே இல்லாத இடங்களில் மழை ஓய்ந்து ஆண்டின் மிகக் குளிர்ந்த வாரங்கள் வரும்போது. அங்கே செடி தானாக உறங்காது. எனவே கவாத்தின்போது மிச்சமிருக்கும் பழைய இலைகளைக் கையால் உருவி எடுத்துவிடுங்கள். செடிக்கும் ஓய்வு கிடைக்கும், இலையில் ஒளிந்திருக்கும் கரும்புள்ளியும் போகும்.

வெட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்து இருக்க வேண்டும். வெட்டிய நடுத்தண்டு வெள்ளையாகவோ பச்சை கலந்த வெள்ளையாகவோ தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கி வெட்டுங்கள்.

இப்போது வளைப்பு. ஓராண்டுத் தண்டுதான் இதற்குச் சரி: பட்டை பச்சையாக, முள் இறுகி, நுனியை அசைத்தால் வில்லாக வளைய வேண்டும். சிவப்பு நிறத்தில் கிளம்பும் புதுப்போத்தைத் தொடவே கூடாது. அது அடியிலிருந்து அப்படியே பிய்ந்துவிடும். தடித்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதன் முள் பெரிது. ஒரு கையால் தண்டின் அடிப்பாகத்தை, முடிச்சிலிருந்து ஒரு சாண் மேலே, அழுத்திப் பிடியுங்கள். அந்தக் கை அசையக்கூடாது. மற்றக் கையால் தண்டின் நடுவைப் பிடித்து, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மெல்லக் கொண்டுவாருங்கள். வளைவு ஒரே இடத்தில் முறியாமல் நீளம் முழுக்கப் பரவ வேண்டும். தண்டு முனகும் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் இறக்கலாம். தடித்த தண்டு முழுதாகப் படிய மூன்று வாரம் பிடிப்பது சகஜம்.

கடைசியில் தண்டு தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், நுனி சற்றே தாழ்ந்து நிற்கட்டும். பக்கத்துக்கு ஒன்றாக நான்கைந்து தண்டுகளை விரித்து, தரையில் அடித்த முளைக்குச்சிகளில் கட்டலாம். இடம் குறுகலானால் இரண்டு மீட்டர் உயரக் கூம்புச் சட்டத்தில் தண்டுகளைச் சுருளாகச் சுற்றுங்கள். ஏற்றம் 45 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பலன் அதேதான். சுவரானால் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடைக்கம்பிகள் இழுத்து விசிறியாகப் பரப்புங்கள். சட்டத்திலும் சுவரிலும் ஏற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கனத்த பூ கவிழ்ந்துதான் நிற்கும். கண் மட்டத்துக்கு மேலே இருந்தால் அந்தக் கவிழ்ப்பே நம் முகத்தைப் பார்க்கும். கழுத்து பலவீனம் என்று இந்த ரகத்தை ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் இதை இடுப்பளவில் வைத்துப் பார்த்தவர்கள்.

கட்டுவதற்குக் கம்பி வேண்டாம். சணலோ பழைய துணிப்பட்டையோ எடுத்து எட்டு வடிவில், விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள்.

முடிச்சுக்குக் கீழிருந்து, நிறத்திலும் முள்ளிலும் வேறாகத் தெரியும் தண்டு கிளம்பினால் அது ஒட்டுக்கு அடியாக வைத்த காட்டு ரோஜாவின் போத்து. மண்ணை விலக்கி, தோன்றும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்தெடுங்கள். வெட்டினால் அடியில் உள்ள மொட்டு தங்கி, ஒன்று நாலாகும். ஒரு இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுப்போத்து என்ற கணக்கை நம்பாதீர்கள். நல்ல தண்டிலும் ஏழு சிற்றிலை வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் சான்று.

நோய்கள்

கரும்புள்ளிப் பூஞ்சைக்கு இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும்; 18 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வேகமாகப் பரவும். மழைத்துளி தரையில் கிடக்கும் பழைய இலையில் பட்டுத் தெறித்து அடி இலைக்கு ஏறுகிறது. எப்போதும் கீழிருந்து மேலாகத் தொடங்குவது இதனால்தான். மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை இதிலிருந்தே தெளிவாகும்: விழுந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்டில் போடாதீர்கள், அடி 20, 25 சென்டிமீட்டர் வரை இலைகளை நீக்குங்கள், மூடாக்கு தெறிப்பைத் தடுக்கும், நடுப்புதரைத் திறந்து காற்று போக விடுங்கள்.

இந்த ரகம் நோயை எதிர்க்கும் ரகம் இல்லை. மழைப்பருவத்தில் தெளிப்பு தேவைப்படும். பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், கூடச் சில துளி மென்சோப்பு, வாரம் ஒருமுறை. மழைக்கு முன் தெளித்தால்தான் பயன். புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. ஊடுருவிப் பாயும் பூஞ்சைக்கொல்லி வாங்கினால் ஒரே வகையைத் தொடர்ந்து அடிக்காமல் வேறு வகையோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அளவு குப்பியில் போட்டபடி. நனையும் கந்தகம் சாம்பல் நோய்க்கு நல்லது. ஆனால் 30 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும். எண்ணெய் வகை எதையும் தெளித்து மூன்று வாரம் ஆகாமலும் அடிக்கக்கூடாது.

துரு நோயும் இதற்கு வரும். இலை மேலே மஞ்சள் புள்ளி. திருப்பிப் பார்த்தால் ஆரஞ்சுப் பொடிக் கொப்புளம். கண்டவுடன் அந்த இலைகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டுவிட வேண்டும். அசைத்தால் பொடி பறக்கும்.

வறண்ட கோடையில் இலை வெண்கல நிறமாகிப் பொலிவிழந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் நகரும் புள்ளிகளும் செஞ்சிலந்தி. மூன்று நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும். தண்ணீர் ஊற்றும்போது இலை நனையக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. வறண்ட காற்றில் இலை சீக்கிரம் உலர்ந்துவிடும். கண்ட பூச்சிக்கொல்லியை அடித்தால் சிலந்தியைத் தின்னும் பூச்சிகள் செத்து, சிலந்தி பெருகும்.

வெளிர்நிறப் பூவைத் தேடி வரும் இன்னொன்று இலைப்பேன். இதழோரம் பழுப்பாகி மொட்டு பாதியில் நின்றால், ஒரு பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மெல்லிய கோடுகள் ஊர்ந்தால் அதுதான். கெட்ட மொட்டுகளைப் பறித்துப் பைக்குள் கட்டி எறிவது தெளிப்பைவிடப் பலன் தரும், ஏனென்றால் பேன் இதழ் மடிப்புக்குள் இருக்கிறது, மருந்து அங்கே போகாது.

மழைக்குப் பின் மொட்டு உருண்டையாக ஒட்டிக்கொண்டு திறக்காமல் போவது வேறு சங்கதி. நனைந்த வெளி இதழ்கள் வெயிலில் காய்ந்து தாளைப் போல் ஒட்டிக்கொள்கின்றன. கட்டைவிரலால் வெளியே உள்ள இரண்டு மூன்று காய்ந்த இதழ்களை நுனியிலிருந்து காம்பு நோக்கி உரித்து எடுத்தால் உள்ளிதழ் விரிந்துவிடும். உரிக்கும்போது சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் மொட்டையே வெட்டி எறியுங்கள்.

பூ முடிந்ததும்

வாடிய பூவைக் காம்போடு கிள்ளினால் போதாது. பக்கக்கிளையின் அடியில் இரண்டு அல்லது மூன்று முழு இலை விட்டு வெட்டுங்கள். அடுத்த பூ ஆறேழு வாரத்தில் வரும், வெப்பத்தில் அதற்கும் முன்பே. முதல் சுற்றுக்கும் இரண்டாவதற்கும் நடுவே செடி ஒரு பூவும் இல்லாமல் நிற்பது இந்த ரகத்தின் இயல்பு.

ஜாடிக்குப் பறிப்பதானால் மொட்டாகப் பறிக்காதீர்கள். இதழ் அடர்ந்த கிண்ணப்பூ. இறுகிய மொட்டு தண்ணீரில் விரியாமலே தொங்கிவிடும். வெளி இதழ்கள் விலகி, கிண்ணம் பாதி திறந்த நிலையில் அதிகாலையில் வெட்டி, உடனே ஆழமான தண்ணீரில் கழுத்துவரை இரண்டு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு தண்ணீரில் மூழ்கும் இலைகளை நீக்கிவிட்டு ஜாடிக்கு மாற்றலாம். குட்டையான ஜாடியாகப் பாருங்கள்; கழுத்துக்கு ஜாடியின் விளிம்பு முட்டுக்கொடுக்க வேண்டும்.